நின்ற பின் இறங்கும் முள்

1996ஆம் ஆண்டு மாடல் செவ்ரோலே சி1500 பிக்கப், 5.7 லிட்டர் வோர்டெக் எஞ்சின். அமெரிக்கச் சிறுநகரங்களில் இன்னமும் விறகும் புல்கட்டும் சுமந்துகொண்டிருக்கும் வண்டி. காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. சாவியை அணைத்து மறுபடி போட்டால் பிடித்துவிடுகிறது. அதன்பின் நாள் முழுக்க ஒரு குறை சொல்ல முடியாது. மேட்டில் ஏறுகிறது, நெடுஞ்சாலையில் எழுபது மைல் வேகத்தில் போகிறது, டிரெய்லரைக் கட்டிவிட்டாலும் இழுக்கிறது. கடை வாசலில் நிறுத்திவிட்டு அரைமணி கழித்து வந்தால் மட்டும், காலையில் நடந்தது அப்படியே இன்னொரு முறை நடக்கும்.

இந்த வண்டியை மெக்கானிக்கிடம் விட்டால் முதலில் ஓட்டிப் பார்ப்பார். ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எரிபொருள் அழுத்தம் கசியும் கோளாறின் விசித்திரம் இதுதான்: ஓட்டம் அதை மூடிவிடுகிறது. டேங்குக்குள் கிடக்கும் மின்பம்ப், எஞ்சின் கேட்பதைவிட அதிகமாகவே பெட்ரோலைத் தள்ளிக்கொண்டிருக்கிறது; மிச்சம் இன்னொரு குழாய் வழியே டேங்குக்குத் திரும்பி வருகிறது. இடையில் எங்கோ கொஞ்சம் ஒழுகினால் பம்ப் அதையும் சேர்த்து ஈடுகட்டிவிடும். வண்டி நின்ற பிறகுதான் ஈடுகட்ட ஆளில்லை.

கார்ப்யூரேட்டர் காலத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது. எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு டயஃப்ரம் பம்ப், கேம் ஷாஃப்ட் தட்டத் தட்ட இயங்கும். 4 முதல் 7 பிஎஸ்ஐ அழுத்தம் கொடுத்தால் போதும். இரவில் குழாயில் அழுத்தம் பூச்சியமானால்கூடக் கவலையில்லை, காலைக்குத் தேவையான பெட்ரோல் மிதவைக் கிண்ணத்தில் காத்திருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் எண்பதுகளின் இறுதியில் தன் பிக்கப்களுக்கு த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷனைக் கொண்டுவந்தபோது அது 9 முதல் 13 பிஎஸ்ஐ வரை கேட்டது. 1996இல் வோர்டெக் வந்ததும் ஒரே தாவலில் 60 முதல் 66. கார் டயரில் நிரப்பும் காற்றைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இந்த எஞ்சினில் இன்ஜெக்டர்கள் சிலிண்டர்களின் அருகில் இல்லை. நடுவில் ஒரே இடத்தில் கூடியிருக்கின்றன. அங்கிருந்து எட்டு நைலான் குழல்கள் நாற்புறமும் பிரிந்து போகின்றன. அதனால் அமெரிக்க மெக்கானிக்குகள் அந்தப் பாகத்துக்குச் சிலந்தி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு குழலின் நுனியிலும் ஸ்பிரிங் வைத்த ஒரு சிறு மூக்கு. குழலுக்குள் சுமார் 40 பிஎஸ்ஐ ஏறினால்தான் அது திறக்கும். வழியில் குறைவதையும் கணக்கில் கொண்டால் புறப்படும் இடத்தில் அறுபதாவது இருக்க வேண்டும். 55க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆவதே சந்தேகம். அதே காலத்து ஃபோர்டு பிக்கப் ஒன்று 35இல் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றுக்குத் தாராளமான அழுத்தம் இன்னொன்றுக்குப் பட்டினி. ஆகவே எந்த எண்ணையும் அந்த வண்டியின் கையேட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

சாவியை ஆன் செய்தவுடன் பம்ப் இரண்டு நொடி ஓடிக் குழாயை நிரப்பிவிட்டு, செல்ஃப் சுற்றும்வரை காத்திருக்கும். குழாயில் நேற்றைய அழுத்தம் மிச்சமிருந்தால் அந்த இரண்டு நொடி தாராளம். எல்லாம் வடிந்து போயிருந்தால் போதாது. சாவியை அணைத்து மறுபடி போடும்போது இன்னும் இரண்டு நொடி கிடைக்கிறது. இரண்டாம் முறை பிடிப்பதன் ரகசியம் அவ்வளவே.

எஞ்சினின் பின்புறம், எரிபொருள் குழாயில், கார் டயரில் இருப்பதைப் போன்ற ஒரு வால்வு மூடியோடு நிற்கிறது. அழுத்தம் அளக்கும் கேஜை அங்கேதான் மாட்ட வேண்டும். அந்த கேஜின் உள்ளே இருப்பது 1849இல் யூஜின் பூர்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் காப்புரிமை பெற்ற அதே வளைந்த தட்டைக் குழாய்: அழுத்தம் ஏறினால் நிமிர முயல்கிறது, அந்த முயற்சி ஒரு முள்ளைத் திருப்புகிறது. இப்போது எண்ணாகக் காட்டும் கேஜ்களும் உண்டு. எனக்கு முள்தான் பிடிக்கும். எண் அந்தந்தக் கணத்தைச் சொல்கிறது. முள் எந்த வேகத்தில் இறங்குகிறது என்பதைக் கண் அதுவாகவே பிடித்துக்கொள்கிறது.

சாவி ஆன். பம்பின் ரீங்காரம். முள் 62இல் போய் நிற்கிறது. பலரும் இந்த இடத்தில் கேஜைக் கழற்றிவிடுகிறார்கள். ‘பிரஷர் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லி இக்னிஷன் பக்கம் தேடப் போய்விடுகிறார்கள். சோதனை தொடங்குவதே பம்ப் ஓய்ந்த பிறகு. 62இல் நின்ற முள் ஐந்து நிமிடம் கழித்து எங்கே இருக்கிறது? டொயோட்டாவின் பழைய 22ஆர்-இ எஞ்சினுக்கான பழுதுபார்ப்புக் கையேடு இதைத் தெளிவாகக் கேட்கிறது: எஞ்சினை அணைத்து ஐந்து நிமிடம் ஆன பின்னும் 21 பிஎஸ்ஐக்குக் குறையக் கூடாது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் முதல் பாதியிலும் டொயோட்டா பிக்கப்களில் ஓடிய எஞ்சின் அது. சாவியைப் போட்டால் மட்டும் அதன் பம்ப் ஓடாது. உள்ளே போகும் காற்று ஒரு தகட்டைத் தள்ளித் திறந்தால்தான் ஓடும், அல்லது செல்ஃப் சுற்ற வேண்டும். ஆகவே சோதிப்பவர் பானட்டுக்குள் இருக்கும் சோதனைப் பெட்டியில் இரண்டு முனைகளைத் துண்டுக் கம்பியால் இணைத்துப் பம்பை எழுப்ப வேண்டும். உச்ச அழுத்தம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், நின்ற பிறகு எவ்வளவு நேரம் தாங்கும் என்றும் எழுதிவைத்த அந்தக் கையேட்டுக்காரர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

நின்ற வண்டிக்கு அழுத்தம் எதற்கு? சூட்டுக்காக. ஓடி நின்ற எஞ்சினில் குளிர்நீர் ஓட்டம் நின்றுவிடும், விசிறியும் நின்றுவிடும்; உலோகத்தின் சூடு மேலே ஏறி எரிபொருள் குழாயைக் காய்ச்சும். அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் எளிதில் கொதிக்காது. அழுத்தம் போய்விட்டால் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும், ஆவியைப் பம்பாலும் சரியாகத் தள்ள முடியாது. சில வண்டிகளில் அணைத்த பிறகு முள் சற்று மேலே ஏறுவதைக் காணலாம். அது சூட்டின் வேலை. கோளாறு ஏதுமில்லை, குழாய் இறுக்கமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

இந்த வகைக் கசிவில் கீழே ஒரு சொட்டும் விழுவதில்லை என்பது புதியவர்களைக் குழப்பும். வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். காய்ந்து கிடக்கும். திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. குழாய்க்குள் 62 பிஎஸ்ஐயாகச் சேமிப்பில் இருப்பது, ரப்பரும் நைலானும் மயிரிழை அளவுக்கு விரிந்து கொடுத்த இழுவிசை மட்டுமே. ஒரு கரண்டி பெட்ரோல் இடம் மாறினால் போதும், முள் பூச்சியத்துக்கு வந்துவிடும். டேங்கின் அளவில் ஒரு கரண்டி எங்கே தெரியப்போகிறது? அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில், பனிக்காகச் சாலையில் உப்பு தூவும் ஊர்களில், இரும்புக் குழாயே துருவேறி ஓட்டையாகி வெளியே சிந்துவதும் உண்டு. அது வேறு கதை. மூக்கே கண்டுபிடித்துவிடும்.

போன ஒரு கரண்டி எங்கே போயிருக்கும்? மூன்று வழிகள்தான். பம்போடு சேர்ந்த ஒருவழி வால்வு பிடிக்காமல் வந்த வழியே டேங்குக்குத் திரும்பியிருக்கலாம். கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு தேய்ந்தால் பைப்பில் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடுமே, சாணியைக் கரைத்து ஊற்றிக்கொண்டு விவசாயி காலையில் அல்லாடுவாரே, அதே சங்கதி. அல்லது அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் சரியாக மூடாமல், மிச்சம் போகும் குழாய் வழியே டேங்குக்குப் போயிருக்கலாம். அல்லது இன்ஜெக்டர் வழியாக எஞ்சினுக்குள்ளேயே சொட்டியிருக்கலாம். முதல் இரண்டில் பெட்ரோல் வீட்டுக்குத் திரும்பிவிட்டது, யாருக்கும் நஷ்டமில்லை. மூன்றாவது விபரீதம்.

இந்த மூன்றில் எதையும் கண்ணால் பார்க்க வழியில்லை. ஒன்று டேங்குக்குள், ஒன்று ஒரு சிறு உலோக டப்பிக்குள், ஒன்று எஞ்சினுக்குள். ஆகவே ஒவ்வொரு வழியாக அடைத்துப் பார்க்கிறார்கள். பம்பை ஓடவிட்டு அழுத்தம் ஏற்றி, டேங்கிலிருந்து வரும் குழாயை முதலில் அடைக்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் ஒழுக்கு டேங்கின் பக்கம். தொடர்ந்து இறங்கினால் திரும்பும் குழாயையும் அடைக்க வேண்டும். இப்போது நின்றால் ரெகுலேட்டர். இரண்டையும் அடைத்த பிறகும் இறங்கினால் எஞ்சினுக்குள். ரப்பர் ஹோஸாக இருந்தால் இடுக்கியால் அழுத்தலாம். நைலான் குழாயை அப்படி நெரித்தால் உடைந்துவிடும், நடுவே திருகு வால்வு வைத்த இணைப்பைச் செருகித்தான் அடைக்க வேண்டும். 60 பிஎஸ்ஐயில் இருக்கும் பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட்மீது பீறிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எந்த இணைப்பைக் கழற்றுவதற்கு முன்னும் அழுத்தத்தை இறக்கிவிட்டுத் துணி சுற்றிக்கொள்ள வேண்டும்.

நம்முடைய சைவ அளவை நூல்கள் காண்டல், கருதல் என்று அறியும் வழிகளை அடுக்கும்போது ஒழிபு என்று ஒன்றையும் சொல்கின்றன. இருப்பவற்றில் இது அல்ல, அது அல்ல என்று விலக்கி, எஞ்சியதைத் துணிவது. குழாயை அடைத்துப் பார்க்கும் மெக்கானிக் செய்வது சுத்தமான ஒழிபு. ஆனால் அந்த அளவைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. குற்றவாளி ஒருவனாக இருக்க வேண்டும். கால் நூற்றாண்டு ஓடிய வண்டியில் அதற்கு உத்தரவாதம் இல்லை. டேங்க் பக்கத்தை அடைத்ததும் முள் நிற்காமல், இறங்கும் வேகம் மட்டும் பாதியாகக் குறைகிறது என்று வையுங்கள். அப்போது முன்னே ஒரு ஒழுக்கு, பின்னே ஒரு ஒழுக்கு. ‘நின்றதா, இறங்கியதா’ என்று மட்டும் கேட்பவர் இதைப் பார்த்துவிட்டு டேங்க் பக்கம் சரி என்று தீர்ப்பெழுதிவிடுவார். இரண்டில் ஒன்றைச் சரிசெய்து அனுப்புவார், வண்டி ஒரு வாரத்தில் திரும்பி வரும். வேகத்தைக் கவனித்தவருக்குத்தான் அந்த இரண்டாவது ஆள் தென்படுவான். வாத்தியார்கள் தருக்கத்துக்குக் காட்டும் எடுத்துக்காட்டுகளில் எப்போதும் திருடன் ஒருவன்தான் வருகிறான். பழைய பொருள்களோடு பழகியவர்களுக்கு அந்தச் சொகுசு இல்லை.

வோர்டெக்கில் ரெகுலேட்டர் இருக்கும் இடமும் இந்தக் கணக்கைக் கலைக்கிறது. பெரும்பாலான எஞ்சின்களில் அது வெளியே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். அதற்குப் போகும் சிறு வேக்குவம் ஹோஸைக் கழற்றிப் பார்த்து, உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் டயஃப்ரம் கிழிந்துவிட்டது என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். இங்கே ரெகுலேட்டரைச் சிலந்தியோடு சேர்த்து, காற்று நுழையும் மூடிய அறைக்குள் வைத்துவிட்டார்கள். டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் திரும்பும் குழாய்க்குப் போகாது, நேராக எஞ்சின் மூச்சு வாங்கும் இடத்தில் கொட்டும். இரண்டு குழாயையும் அடைத்த பிறகும் முள் இறங்கும். இன்ஜெக்டர் என்று நினைத்தால் ரெகுலேட்டராக இருக்கும். இதை வடிவமைத்தவர்கள் அதைத் திறந்து பழுதுபார்க்கப் போகிறவரை ஒருநாளும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸே அந்த மூக்குகளுக்குப் பதிலாக இன்ஜெக்டர்களைச் சிலிண்டர்களின் வாயருகே கொண்டுபோகும் மாற்றுச் சிலந்தியை வெளியிட்டது.

அந்த அறையின் மேல் மூடியைக் கழற்றினால் ஒரு காட்சி காத்திருக்கும். லட்சக்கணக்கான மைல்களின் எண்ணெய்ப் புகையும் கரியும் படிந்து உள்ளே முழுக்கக் கன்னங்கறுப்பு. அதில் ஓரிடம் மட்டும் பளபளவென்று வெள்ளை அலுமினியமாக, நேற்றுதான் வார்த்தது போல் இருக்கும். ஒழுகிய பெட்ரோல் கழுவிய இடம் அது. அதற்கு நேர் மேலே பார்த்தால் ரெகுலேட்டரோ, தளர்ந்த குழலோ. கறை படிந்த இடத்தைத் தேடியே பழகிய கண் இங்கே சுத்தமான இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது. இதைப் பார்த்த பிறகு கேஜுக்கு வேலையில்லை; காண்டல் வந்துவிட்டது.

மிச்சப் பெட்ரோல் திரும்பும் வழியே தவறிப்போவதும் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்து ஃபோர்டு எஃப்-வரிசை வண்டிகள் சிலவற்றில் இரண்டு டேங்க் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனிப் பம்ப். டாஷ்போர்டு பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம். டேங்குக்குள் இருக்கும் வால்வு கெட்டால், ஒரு டேங்கிலிருந்து உறிஞ்சிய பெட்ரோலின் மிச்சம் அடுத்த டேங்குக்குத் திரும்பும். ஓட ஓட ஒன்று குறையும், மற்றது நிறையும், கடைசியில் மூடி வழியே வழிந்து சாலையில் கொட்டும். காலி செய்துகொண்டே வருவதாக நினைக்கும் ஓட்டுநருக்கு, பின்னால் வருபவர் விளக்கடித்துச் சைகை காட்டும்போதுதான் தெரியும்.

ஓட்டம் குறையை மூடிவிடுகிறது என்றேன். வேண்டுமென்றே மூடிவைத்த ஓர் ஏற்பாடும் உண்டு. வோர்டெக்குக்கு முந்தைய, 1988 முதல் 1995 வரையிலான செவ்ரோலே பிக்கப்களில் பம்புக்கு மின்சாரம் இரண்டு வழியில் போகும். ஒன்று ரிலே. ரிலே கெட்டுவிட்டால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடக் கூடாதே என்று, எஞ்சின் எண்ணெய் அழுத்தம் ஏறினால் மூடிக்கொள்ளும் ஒரு சுவிட்ச். நல்ல எண்ணம். ஆனால் ரிலே செத்த வண்டியில் என்ன நடக்கும்? காலையில் செல்ஃப் வெகுநேரம் சுற்ற வேண்டும். சுற்றச் சுற்ற எண்ணெய் அழுத்தம் ஏறும், சுவிட்ச் மூடும், பம்ப் ஓடும், வண்டி கிளம்பும், நாள் முழுக்க ஓடும். அறிகுறிகள் அப்படியே அழுத்தக் கசிவு. சொந்தக்காரர் பம்பை மாற்றுவார், ஒன்றும் மாறாது. சாவியை ஆன் செய்தவுடன் பம்பின் ரீங்காரம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்திருந்தால் சில நூறு டாலர் மிஞ்சியிருக்கும். அதே வண்டிகளின் டேங்குக்குள், பம்பையும் மேல்குழாயையும் இணைக்க, அதிர்வை அடக்கும் சிறு டப்பி ஒன்று உண்டு. அது விரிசல் விட்டாலும் அழுத்தம் டேங்குக்குள்ளேயே சிந்திவிடும். பம்பைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அனுபவசாலிகள் அதை எடுத்துவிட்டு, பெட்ரோலில் முழுகிக் கிடக்கவே செய்த ஹோஸ் ஒன்றை மாட்டுவார்கள். சாதாரண எரிபொருள் ஹோஸ் உள்ளிருந்து தாங்கும். வெளிப்புறமும் பெட்ரோலில் ஊறினால் கூழாகிவிடும்.

மாற்றிப் பார்ப்போம் என்ற மனநிலையை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரக் கூலி பாகத்தின் விலையைவிட அதிகமாக இருக்கும் நாட்டில், யோசிப்பதற்குப் பணம் தர யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனாலும் பிக்கப்பில் பம்ப் மாற்றுவது லேசான வேலை கிடையாது. நிறைந்த டேங்கை இறக்க வேண்டும், அல்லது பின்னால் உள்ள லோடு பாடியின் போல்ட்டுகளைக் கழற்றி அதைத் தூக்க வேண்டும். துருப்பிடித்த போல்ட் பாதியில் முறியும். அவ்வளவும் செய்துவிட்டு, டேங்க் மேலிருந்த கருகிய மின் இணைப்பையே புதுப் பம்புக்கும் மாட்டினால் அது 12 வோல்ட்டுக்குப் பதில் ஒன்பதோ பத்தோ வாங்கிக்கொண்டு சோர்ந்து ஓடும். முள் மறுபடி தாழ்ந்து நிற்கும். ‘டூப்ளிகேட் சாமான்’ என்று பம்பைத் திட்டுவார்கள். பம்பைக் குளிர்விப்பதும் மசகிடுவதும் அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் என்பதால், எப்போதும் கால் டேங்கோடு ஓட்டுகிறவரிடம் எந்தப் பம்பும் நெடுநாள் வாழாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

நம்மூர் பழைய டீசல் வண்டிகளில், டாடா 407 போன்றவற்றில், இந்தக் கதை தலைகீழ். அங்கே பம்ப் எஞ்சினோடு இருக்கிறது, டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி எடுக்கிறது. ஆகவே உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதுதான் தொல்லை. ஏர் லாக். ஓட்டுநர் இறங்கிக் கையால் பம்படித்து, திருகைத் தளர்த்தி, நுரையெல்லாம் போய் சுத்தமான டீசல் வரும்வரை பார்த்துவிட்டு இறுக்கிக் கிளம்புவார். எங்கே ஓட்டை என்று அவர் தேடுவது அபூர்வம். லோடு இறக்க வேண்டும்.

அமெரிக்கப் பிக்கப்காரர்களிலும் அவரைப் போன்றவர்கள் நிறைய உண்டு. சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து, ஒவ்வொரு முறையும் இரண்டு நொடி காத்திருந்து, பிறகு செல்ஃப் அடித்தால் வண்டி முதல் சுற்றிலேயே பிடிக்கும். அது அவர்களுக்குப் பழகிப்போய், வண்டியை இரவல் கேட்பவருக்கும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். ஒருவழி வால்வு மட்டும்தான் பிடிக்கவில்லை என்று கேஜ் சொல்லியிருந்தால் இதில் தப்பே இல்லை. பெட்ரோல் டேங்குக்குத்தான் திரும்புகிறது, வேறெதுவும் கெடுவதில்லை. ரெகுலேட்டரோ இன்ஜெக்டரோ எஞ்சினுக்குள் ஒழுகுகிறது என்றால் நிலைமை வேறு: பெட்ரோல் சிலிண்டர் சுவரில் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும், ஸ்டார்ட் ஆனதும் கரும்புகை வரும், எண்ணெய் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறும், பேரிங்குகள் தேயும். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பார்த்தால் போதும். பெட்ரோல் வாடை இருந்தால் அன்றே நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் அந்த வண்டி இப்படியே இன்னும் சில குளிர்காலம் ஓடும். பம்புக்கு வைத்திருந்த பணத்தில் அவர் டயர் வாங்கிக்கொள்ளலாம்.